4 மடங்கு கட்டணம் கேட்கும் ஜிம்மில் சேரலாமா? எப்படிக் கணக்குப் போடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. இப்போது ஒரு சாதாரண ஜிம்மில் இருக்கிறீர்கள், மாதத்துக்கு 5 தடவை போனால் அதிகம். வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். நீச்சல் குளம், சானா என்கிற வெப்ப அறை, குழு வகுப்புகள் எல்லாம் உண்டு, துண்டைக்கூட அவர்களே தருகிறார்கள். கட்டணம் 4 மடங்கு. ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. "இவ்வளவு கொடுத்தால் உடம்பில் அதற்கேற்ற மாற்றம் தெரியுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நிறையப் பணம் கட்டினாலாவது ஒழுங்காகப் போவேனோ என்று தோன்றுகிறது." உங்கள் கேள்வி உண்மையில் அதுதான். கருவிகளைப் பற்றிக் கேட்டால் பதில் சுலபம். இதற்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். தசைக்கு விலைப்பட்டியல் படிக்கத் தெரியாது. 20 கிலோ பார்பெல் எந்தக் கூரைக்குக் கீழே கிடந்தாலும் 20 கிலோதான். தசை வளர ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் வாரத்துக்கு 10 செட் அளவில் வேலை கொடுக்க வேண்டும். (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்கிற ரெப்கள் ஒரு செட்.) ஒவ்வொரு செட்டும் "இனி 2, 3 ரெப்தான் தாங்கும்" என்கிற இடம்வரை போக வேண்டும். வாரங்கள் போகப்போக எடையோ ரெப்போ கொஞ்சமாவது ஏற வேண்டும். ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற எடையில் 30 சதவீதத்தை வைத்துச் செய்தாலும் சரி, 80 சதவீதத்தை வைத்துச் செய்தாலும் சரி, களைத்துப்போகும்வரை செய்தால் தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. பலம் கூட வேண்டுமென்றால்தான் கனமான எடை தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு, அதோடு குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. நீங்கள் மாதத்துக்கு 5 தடவை போகிறவர் என்றால் தசைப் பயிற்சியில் அந்தக் கடைசி 2 நாளையே தொடவில்லை. ஆகவே இப்போதைய ஜிம்மின் கருவிகள் உங்களைத் தடுத்து நிறுத்தியிருக்க வாய்ப்பு குறைவு.

குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் சில சாதாரண ஜிம்களில் உண்மையிலேயே முட்டுக்கட்டை இருக்கும். டம்பெல் வரிசையைப் பாருங்கள். 10 கிலோவுக்கு அடுத்தது 15 கிலோ என்றால் அது 50 சதவீதத் தாவல். தோள்பட்டைப் பயிற்சியில் அந்த இடத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். 2 அல்லது 2.5 கிலோ இடைவெளியில் வரிசை முழுமையாக இருக்க வேண்டும். பார்பெல்லுக்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 0.5 கிலோ பிளேட்டுகளை நீங்களே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம், அதற்காக ஜிம்மை மாற்ற வேண்டாம். உயரத்துக்குத் தகுந்தபடி பாதுகாப்புக் கம்பிகளை மாற்றக்கூடிய ஸ்குவாட் ரேக், அதாவது எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சிக்குப் பார்பெல்லைத் தாங்கும் சட்டகம், ஒன்றாவது வேண்டும். தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷின் அதற்கு ஈடாகாது; அதில் பார் ஒரே நேர்கோட்டில்தான் போகும், பலவற்றில் எதிர்எடை கட்டியிருப்பதால் பாரின் எடையும் மெஷினுக்கு மெஷின் மாறும். கேபிள் மெஷினில் கம்பிவடத்தின் மேலுறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பார்பெல்லைத் தரையில் உருட்டினால் ஆட்டமில்லாமல் ஓட வேண்டும், குதித்து ஓடினால் வளைந்துவிட்டது என்று பொருள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: விலை கூடிய ஜிம் இந்தத் தேர்வில் தானாகவே ஜெயித்துவிடாது. டிரெட்மில் 20 வரிசையாக நிற்கும், ரேக் இரண்டுதான் இருக்கும். டம்பெல் 30 கிலோவோடு நின்றுவிடும். திறப்புவிழா வெளிச்சத்தில் இதெல்லாம் கண்ணில் படாது.

இனி கணக்கு. எல்லோரும் செய்வது மாதக் கட்டணத்தை வருகையின் எண்ணிக்கையால் வகுப்பது. அது பாதிக் கணக்குதான். இப்போதைய ஜிம்மின் மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 தடவை போகிறீர்கள், ஒரு வருகைக்கு 20. புதியது 400. அங்கே மாதம் 12 தடவை போவீர்கள் என்றால் ஒரு வருகைக்கு 33. "20-க்கும் 33-க்கும் அவ்வளவு பெரிய வித்தியாசமில்லையே" என்று தோன்றும். ஆனால் நீங்கள் வாங்குவது அந்த 12 வருகையை இல்லை. 5 உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதலாக 300 கொடுத்து, கூடுதலாக 7 வருகையை வாங்குகிறீர்கள். ஆக, ஒவ்வொரு கூடுதல் வருகையின் விலை ஏறக்குறைய 43. அங்கே போயும் 8 தடவைதான் போனீர்கள் என்றால் கூடுதல் வருகை 3, ஒவ்வொன்றின் விலையும் 100. அதாவது ஒரு நாள் கூடுதலாகப் போக, பழைய ஜிம்மின் ஒரு மாதக் கட்டணத்தையே கொடுக்கிறீர்கள். அந்த 43-ஐயும் 100-ஐயும் உங்கள் உண்மையான கட்டணத்துக்கு மாற்றி, உங்கள் பகுதியில் ஒரு தனிப் பயிற்சியாளர் ஒரு மணி நேரத்துக்குக் கேட்கிற தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல பேருக்கு அங்கேயே முடிவு வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஆட்டம் காண்கிற எண் ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை தடவை போவேன்" என்று நீங்களே சொல்லிக்கொள்கிற எண். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 3 ஜிம்களின் 7,752 உறுப்பினர்களது வருகைப் பதிவை 3 ஆண்டுக்கு எடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டும் திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே இடத்தில் 10 வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலர்தான். இதோடு தனியாக ஒரு கருத்துக்கணிப்பும் எடுத்தார்கள். மாதம் 9, 10 தடவை போவோம் என்று ஜனங்கள் கணித்தார்கள், உண்மையான வருகை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இது சோம்பேறிகளின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. சேருகிற நாளன்று நம் மனதில் இருப்பது ஓய்வாக இருக்கிற ஒரு வாரம். போகவேண்டிய வாரமோ தலைக்கு மேல் வேலை இருக்கிற வாரம்.

ஆகவே உங்கள் எண்ணை ஊகிக்காதீர்கள், பதிவிலிருந்து எடுங்கள். பெரும்பாலான ஜிம்களில் நுழைவு அட்டை அல்லது செயலி வருகையைப் பதிந்து வைத்திருக்கும். வரவேற்பில் கேட்டால் கொடுப்பார்கள். கடைசி 3 மாதத்தை எடுங்கள். புத்தாண்டுத் தீர்மானம் போட்ட மாதத்தையும் விடுமுறை மாதத்தையும் தள்ளிவிட்டு, சாதாரண மாதங்களின் சராசரியைப் பாருங்கள். பிறகு போகாத நாட்களை நினைவுபடுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். "ரேக் காலியில்லாமல் திரும்பினேன்", "அங்கே குளித்துவிட்டு வேலைக்குப் போக வசதியில்லை", "வழி சுற்று", "மூச்சு முட்டுகிறது", "அங்கே போனால் கூச்சமாக இருக்கிறது" என்று வந்தால் அவை ஜிம்மை மாற்றினால் தீரக்கூடிய காரணங்கள். "வேலை இழுத்துவிட்டது", "தூங்கிவிட்டேன்", "குழந்தைக்கு உடம்பு சரியில்லை", "என்ன செய்வது என்றே தெரியாமல் சும்மா சுற்றிவிட்டு வந்தேன்" என்று வந்தால் அவற்றை எந்த ஜிம்மும் தீர்க்காது. முதல் வகையில் எத்தனை விழுகிறதோ, அதுதான் நீங்கள் நம்பக்கூடிய கூடுதல் வருகை. அதற்கு மேல் ஒன்றுகூடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"நிறையக் கட்டினால் போவேன்" என்கிற எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை, ஆனால் அது சீக்கிரம் கரைந்துவிடுகிற உண்மை. ஜான் கூர்வில், திலீப் சோமன் இருவரும் 1998-இல் எழுதிய ஆய்வில், 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டுகிறவர்களின் ஜிம் வருகையைப் பார்த்தார்கள். பணம் கட்டிய உடனே வருகை உச்சத்தில் இருந்தது, மாதம் ஆக ஆகச் சரிந்தது, அடுத்த தவணை கட்டியதும் மறுபடி ஏறியது. கொடுத்த பணம் நினைவில் உறுத்துகிறவரைதான் கால் நடக்கிறது. இதிலிருந்து வருகிற நடைமுறைப் பாடம் விற்பனையாளர் சொல்வதற்கு நேர் எதிரானது: பணத்தைத் தார்க்குச்சியாகப் பயன்படுத்துவதாக இருந்தால் மாதா மாதம் கையால் கட்டுங்கள். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் 4-ஆம் மாதத்தில் அந்தத் தொகை மறந்தே போயிருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இதே கதிதான். முதலில் சொன்ன ஆய்வில், கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக 2 மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. அவ்வளவு காலமும் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

30 சதவீதத் தள்ளுபடியையும் இதே கண்ணால் பாருங்கள். மாதம் 400 என்றால் ஆண்டுக்கு 4,800. தள்ளுபடி போக 3,360. அதை 400-ஆல் வகுத்தால் 8.4. அதாவது 9-வது மாதத்திலும் நீங்கள் போய்க்கொண்டிருந்தால்தான் ஆண்டுச் சந்தா லாபம். அதற்கு முன்னால் நின்றுவிட்டால், வேலை மாறிவிட்டால், வீடு மாறிவிட்டால் நஷ்டம். முதல் 3 மாதம் முழுக் கட்டணத்தில் மாதா மாதம் போய்ப் பார்ப்பது, அதன்பின் வருகைப் பதிவைப் பார்த்து ஆண்டுக்கு மாறுவது என்பதே என் சிபாரிசு. "இந்தத் தள்ளுபடி இன்று இரவோடு முடிகிறது" என்பார்கள். மாத இலக்கை முடிக்க வேண்டிய கடைசி வாரத்தில் போனால், அந்தத் தள்ளுபடிக்குப் பெரும்பாலும் மறுபடி உயிர் வந்திருக்கும்.

சரி, அந்தக் கூடுதல் 300 எங்கே போகிறது? பெரும்பகுதி இடத்து வாடகை, குளிரூட்டல், துப்புரவு, ஆட்கள், துண்டு துவைப்பது, ஒரு கருவிக்கு இத்தனை பேர்தான் என்று உறுப்பினர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது. இவற்றில் சில அலங்காரம், சில நேரடியாகப் பயிற்சி நேரமாக மாறுகிறவை. நேரம்தான் நிறைய பேர் கணக்கில் எடுக்கத் தவறுவது. பழைய ஜிம்முக்குப் போய்வர 50 நிமிடம், புதியதற்கு 10 நிமிடம் என்றால் 12 வருகைக்கு மாதம் 8 மணி நேரம் மிச்சம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் என்ன விலை வைப்பீர்களோ அதைப் போட்டுப் பெருக்குங்கள். கட்டண வித்தியாசத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடக்கூடும். சாதாரணமாகத் தோன்றும் ஷவர்கூட இப்படித்தான். வேலைக்கு முன் காலையில் பயிற்சி செய்கிறவருக்கு, வெந்நீர் வருகிற, வரிசையில் நிற்காமல் கிடைக்கிற குளியலறைதான் அந்த ஜிம்மிலேயே முக்கியமான கருவி. அது இல்லையென்றால் அவர் காலையில் வரவே முடியாது. மாலையில் நேராக வீட்டுக்குப் போகிறவருக்கோ அதே குளியலறைக்கு மதிப்பு பூஜ்யம்.

கூட்டத்தை நீங்களே அளக்கலாம். ஸ்குவாட் ஒரு பயிற்சியை ஒழுங்காகச் செய்ய 3 தயாரிப்பு செட், 4 முழு செட், இடையில் 2, 3 நிமிட ஓய்வு என்று 20 நிமிடமாவது ஆகும். ஒரு ரேக் மணிக்கு 3 பேருக்குத்தான் போதும். 2 ரேக் இருக்கும் ஜிம்மில் மாலை 6 முதல் 8 வரை 12 பேர் ஸ்குவாட் செய்யலாம், 13-வது ஆள் காத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் வழக்கமாகப் போகக்கூடிய அதே நேரத்தில், வாரத்தின் முதல் வேலை நாளில் போய்ப் பாருங்கள். மதியம் 2 மணிக்குச் சுற்றிக் காட்டினால் எந்த ஜிம்மும் சொர்க்கம்தான். இன்னொரு எச்சரிக்கை: புதிதாகத் திறந்த ஜிம் காலியாக இருப்பதற்குக் காரணம் அது புதியது என்பதுதான். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா, அந்த எண் என்ன, ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

காற்று, தண்ணீர் இரண்டும் உண்மையான தர வித்தியாசங்கள். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு). உள்ளங்கை அளவு அளவுமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், கூட்ட நேரத்தில் 1,000-க்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். 2,000-த்தைத் தாண்டினால் உள்ளே சுற்றுவது அடுத்தவர் விட்ட மூச்சு. குளுகுளுவென்று இருப்பதால் காற்றோட்டம் இருக்கிறது என்று ஆகிவிடாது, குளிரூட்டி உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றலாம். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கிற "குளோரின் வாடை" வந்தால் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன்தான் அந்த வாடை. குளத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. தண்ணீரின் அமில காரத்தன்மை (pH) 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். தினசரி அளவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். குளத்தின் நீளத்தையும் கேளுங்கள். 25 மீட்டர் என்றால் நீந்திப் பயிற்சி செய்யலாம். 12 மீட்டர் குளத்தில் நீந்துவதைவிடத் திரும்புவதுதான் அதிகம் நடக்கும். விளம்பரப் படத்தில் மட்டும் அது கடல் மாதிரி தெரியும். நீந்தவே தெரியாதவர், கற்கவும் உத்தேசம் இல்லாதவர் குளத்துக்காக ஒரு காசுகூடக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முழங்கால் வலியால் ஓட முடியாதவருக்கு அதே குளம் முழுக் கட்டணத்தையும் நியாயப்படுத்திவிடலாம்.

சானா, பனிநீர்த் தொட்டி, உடல் அளவு எடுக்கும் மெஷின் ஆகிய மூன்றும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும், ஆதாரத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். சானாவுக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது 2015-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு. நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். வாரத்துக்கு 4 முதல் 7 தடவை சானாவில் உட்கார்ந்தவர்களிடம் இதயநோய் மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது கவனித்துப் பதிந்த ஆய்வு. உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்குத்தான் அடிக்கடி சானாவில் உட்கார முடிகிறது என்பதும் அதே முடிவைத் தரும். இதமாக இருக்கிறது என்றால் அனுபவியுங்கள், மருந்து என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள். பனிநீர்த் தொட்டியில் விஷயம் இன்னும் வேடிக்கை. எடைப் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்கு, 12 வாரத்தில் தசை வளர்ச்சி குறைவாக இருந்தது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. தொடர்ந்து போட்டிகளில் ஆடுகிறவருக்கு வலி குறைய அது உதவும். தசை வளர்க்க வந்தவர் பணம் கட்டி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறார். அளவு மெஷின் உடம்புக்குள் சிறு மின்னோட்டம் செலுத்தி, நீர்ச்சத்தை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் விடை மாறும். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் அதைவிட நம்பகமான போக்கு தெரியும்.

கூடுதல் பணத்துக்கு உண்மையான பெறுமதி கிடைக்கக்கூடிய ஓர் இடம் பயிற்சியாளர். "என்ன செய்வது என்றே தெரியாமல்" என்று உங்கள் காரணப் பட்டியலில் வந்திருந்தால் முக்கியமாக இதைக் கவனியுங்கள். ஆனால் விலை கூடிய ஜிம்மில் நல்ல பயிற்சியாளர் இருப்பார் என்பது உத்தரவாதமில்லை. சேரும்போது தருகிற 2 இலவச வகுப்புகள் பல இடங்களில் தொகுப்பு விற்பதற்கான தூண்டில்தான். முதல் வகுப்பிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய அடி, அறுவை சிகிச்சை, எடுத்துக்கொள்ளும் மாத்திரை இவற்றைக் கேட்கிறாரா? உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் குனிவது, தள்ளுவது, இழுப்பது ஆகிய நான்கையும் செய்யச் சொல்லிப் பார்க்கிறாரா? எடையையும் ரெப்பையும் எழுதி வைக்கிறாரா, அடுத்த வாரம் எதை, ஏன் மாற்றுவோம் என்று சொல்கிறாரா? இவை நடந்தால் அவர் கெட்டிக்காரர். முதல் நாளே உங்களை வாந்தி எடுக்க வைத்துவிட்டு "இதுதான் பயிற்சி" என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள். அளவு மீறிய முதல் நாளில் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமையோலிசிஸ் வரலாம்; கோலா நிறத்தில் சிறுநீர் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே பணத்தை வேறு விதமாகவும் செலவழிக்கலாம். பழைய ஜிம்மிலேயே இருந்துகொண்டு, மிச்சமாகிற 3 மாதத்து 900-இல் நல்ல பயிற்சியாளரிடம் 8, 10 வகுப்பு எடுத்து, எழுதப்பட்ட திட்டம் ஒன்றோடு தனியாகத் தொடரலாம். தொடக்க நிலையில் இருக்கிற பெரும்பாலோருக்கு இது சானாவைவிடப் பலமடங்கு பலன் தரும்.

குழு வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: நேரம் குறித்து வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவர் எதிரே நின்றால்தான் வருவேன் என்கிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் அவை வேலை செய்யும். முன்பதிவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது, வராவிட்டால் அபராதம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்பு 2 நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது என்றால் உங்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

ஒப்பந்தத்தில் கண் வைக்க வேண்டியவை: சேர்க்கைக் கட்டணம், ஆண்டுக்கொருமுறை வருகிற "பராமரிப்புக் கட்டணம்", குறைந்தபட்சக் காலம், ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதை மின்னஞ்சலில் ஏற்பார்களா அல்லது நேரில்தான் வர வேண்டுமா, உடல்நலக் காரணத்துக்கு நிறுத்திவைக்க முடியுமா, அந்த நாட்கள் கடைசியில் கூட்டித் தரப்படுமா, கட்டணத்தை நடுவில் உயர்த்தும் உரிமை அவர்களுக்கு உண்டா, குளம் 2 மாதம் மூடியிருந்தால் பணம் குறையுமா, வேறொருவருக்கு மாற்றித்தர முடியுமா. கடைசி இரண்டைப் பற்றிப் பெரும்பாலும் ஒப்பந்தம் மௌனமாக இருக்கும். மௌனம் எப்போதும் எழுதியவர் பக்கம்தான். மாத ஒப்பந்தமே எடுத்தாலும், முன்னறிவிப்புக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். இன்னொன்றும் சுவரில் தேடுங்கள்: ஏ.இ.டி. என்கிற இதய மின்னதிர்வுக் கருவி. இதயம் திடீரென்று நின்றுபோனால், அதிர்வு கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. "அது எங்கே இருக்கிறது, இந்த நேரத்தில் பணியில் இருப்பவர்களில் யாருக்கு அதை இயக்கத் தெரியும்?" என்று வரவேற்பில் கேளுங்கள். விலை கூடிய ஜிம் நிஜமாகவே நன்றாக நடக்கிறதா என்பது அந்தப் பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கிருந்து சொல்ல முடியாததும் உண்டு. உங்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டின் நிலை எதையும் நீங்கள் எழுதவில்லை. நெஞ்சில் இறுக்கம், படி ஏறினால் தலைசுற்றல், இதயக் கோளாறின் வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த ஜிம் என்று யோசிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சானாவுக்கும் பனிநீருக்கும் அவர் ஒப்புதல் இல்லாமல் போகாதீர்கள். கூச்சம், தனிமை, அழகான இடத்தில் இருக்கிற சந்தோஷம் ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் என் சூத்திரத்தால் அளக்க முடியாது. அந்த 300 உங்களுக்கு உறுத்தாத தொகை, அங்கே ஒரு மணி நேரம் இருப்பதே மகிழ்ச்சி என்றால், அதைப் பொழுதுபோக்குச் செலவில் எழுதிக்கொண்டு சேரலாம், தப்பில்லை. உடற்பயிற்சிச் செலவில் எழுதும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். பழைய ஜிம்மை இப்போதே ரத்து செய்யாதீர்கள். அடுத்த 4 வாரம், வாரத்துக்கு 2 குறிப்பிட்ட நாட்களை நாட்காட்டியில் பூட்டி, அங்கேயே போங்கள். 8-இல் 6 தடவையாவது போய்விட்டீர்களானால் தடை ஜிம்மில் இல்லை, அட்டவணையில்தான் இருந்திருக்கிறது, புதியது தேவைப்படாது. 3, 4 தடவைதான் முடிந்தது, தவறிய நாட்களுக்கெல்லாம் காரணம் தூரமும் குளியலறையும் கூட்டமும்தான் என்றால், புதிய ஜிம்மில் ஒரு வார அனுமதிச் சீட்டு கேளுங்கள். இலவசமாகத் தராவிட்டால் விலை கொடுத்தே வாங்குங்கள். உங்கள் வழக்கமான நேரத்தில், வேலை நாட்களில் 3 தடவை, முழுப் பயிற்சியையும் குளியலையும் முடித்துக்கொண்டு வாருங்கள். வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை ஆன நிமிடத்தையும், கருவிக்காகக் காத்திருந்த நிமிடத்தையும் குறித்து வையுங்கள். அந்த எண்களை வைத்து, பழைய மாதக் கட்டணம் 100 என்கிற அதே கணக்கில் கூடுதல் வருகை ஒன்றுக்கு 50-க்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மாதச் சந்தாவில் சேருங்கள், 3 மாதம் கழித்து நுழைவுப் பதிவை வாங்கிப் பாருங்கள். அதில் மாத வருகை 11-க்குக் கீழே இருந்தால் (பழைய 5-க்கு மேல் 6 வந்தால்தான் ஒன்றுக்கு 50), அன்றைக்கே முன்னறிவிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.